ஐயந்தோற்று படலமும் ஓர் எல்லைப்புற இல்லமும்



‘இல்லறத்தில் கிறித்தவ நம்பிக்கை தரும் வழிகாட்டலும் பாதுகாப்பும்’ என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. கிறித்தவத் தமிழ்ப் புலவர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் இல்லறத்தைப் பற்றி என்ன பாடினர் என்று எடுத்துரைப்பேன் என விழாக் குழுவினர் எதிர்பார்த்திருக்கலாம். அதற்குரிய புலமை எனக்கில்லை. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் வேலை கற்று, 1992ஆம் ஆண்டு திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து ஒசூருக்குப் பிழைக்க வந்தவன். எனவே ஒரே ஒரு காப்பியத்தையும் ஒரே ஒரு குடும்பத்தையும் பற்றிச் சொல்லி அமைகிறேன். காப்பியம் வீரமாமுனிவரின் தேம்பாவணி. குடும்பம் என்னுடையது. என் துணைவியாரின் இசைவைப் பெற்றே இதைப் பேசுகிறேன். அவர் அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தவறாகச் சொன்னால் திருத்துவார்.

முதலில் நம் ஊரைப் பற்றிச் சில சொற்கள். ஒசூர் என்றும் எல்லையில் இருந்த ஊர். பாராமகால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. சேலம், தருமபுரி, 2004 முதல் கிருட்டிணகிரி என்று மாவட்டத்தின் பெயர்தான் மாறியதேயன்றி, தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் ஒலிப்பது மாறவில்லை. இம்மாவட்டத்தில் எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. ஆனால் ஒசூரின் இன்றைய கிறித்தவக் குடும்பங்களில் பெரும்பாலானவை 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980களில் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் இயங்கத் தொடங்கிய பின்னர், தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து சேர்ந்தவை. 1997இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மறைமாவட்டத்தைத் தனியே அமைக்க வேண்டியதாயிற்று. இப்படி வந்து சேர்ந்த குடும்பத்துக்கு ஊரில் இருந்த காவல்கள் எவையும் இங்கே இல்லை. மாமன் இல்லை, சித்தப்பா இல்லை, திண்ணையில் அமர்ந்து கேள்வி கேட்கும் பாட்டி இல்லை. கணவன், மனைவி, குழந்தை, ஒரு லைன் வீடு, ஒரு சம்பளம். அந்த ஒரு சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்த அவையில் அறிந்தவர் பலர்.

எனக்கு அது 2015இல் நின்றது. நான் 23 ஆண்டுகள் பணியாற்றிய தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. கணக்கு முடித்துக் கொடுத்த தொகை கடனுக்குப் போயிற்று. நாற்பத்து நான்கு வயதுக் கடைசல்காரனைக் கணினி இயந்திரம் வந்துவிட்ட பட்டறைகள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. நம் ஊர் வழக்கில் ‘செக்யூரிட்டி’. பாதுகாப்பை இழந்தவனுக்கு அப்பெயரிலேயே ஒரு வேலை அமைந்ததை எண்ணி நான் பலநாள் சிரித்திருக்கிறேன். அச்சம்பளம் வாடகைக்கே சரியாயிற்று. என் துணைவியார் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் தையல் வேலைக்குச் சேர்ந்தார்.

எங்கள் வீட்டில் மாலைச் செபம் என்பது ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். ஏழரை மணிக்கு விளக்கேற்றிச் செபமாலை சொல்வோம். அவர் வேலைக்குப் போன பின்னர் வீடு திரும்ப எட்டரை ஆகும், சில நாள் ஒன்பதும் ஆகும். ஒன்பதரைக்கு நான் காவலுக்குப் புறப்பட வேண்டும். ஒருநாள் அவருடைய கைப்பேசியில் ஒரு கன்னடக்காரரின் பெயரைக் கண்டேன். மீண்டும் மீண்டும் அழைப்புகள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் செபத்தைச் சரியாக ஏழரைக்கே தொடங்கிவிட்டேன். அவர் வந்து நிற்கும்போது நாங்கள் செபித்து முடித்துச் சோறு தின்றிருப்போம். அவையோரே, வழிபாட்டை ஒருவன் ஆயுதமாகப் பயன்படுத்த முடியும் என்பதை நான் என் வீட்டில்தான் கற்றேன். கடவுளை அழைத்து மனைவியைக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன். அப்போது பதினொரு வயதான என் மகள் சில நாள் பொறுத்தாள். பிறகு ஒருநாள் செபமாலையைக் கையில் எடுக்க மறுத்து, “அம்மா வரட்டும், அப்பா” என்றாள். நான் அதட்டினேன். அவள் அழுதாளே தவிர எடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் இவ்வட்டம் தொடங்கிற்று. ஞாயிறு மாலையில் சும்மா கிடப்பதற்குப் பதிலாக இங்கு வந்து கடைசி இருக்கையில் அமர்வேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நான் கத்தோலிக்கன் என்று அறிந்து, தேம்பாவணி உரைநூலின் முதற் பகுதியைக் கொணர்ந்து கொடுத்தார். அவர் சைவர். இன்று அவர் நம்மிடையே இல்லை. “உங்கள் ஆள் எழுதியது, நீங்கள் படிக்காமல் நானா படிப்பது?” என்பது அவர் சொன்னது.

தேம்பாவணியைப் பற்றி இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்தாந்தீன் ஜோசப் பெஸ்கி பாடி, 1726இல் முடித்தது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். ஆனால் எனக்கு வியப்பளித்தது வேறு. காப்பியத் தலைவன் கிறித்து அல்லன், சூசையப்பர். வளன் என்பது முனிவர் அவருக்கு இட்ட தமிழ்ப் பெயர். ஒரு தச்சர். ஒரு பெண்ணுக்குக் கணவர், ஒரு பிள்ளைக்கு வளர்ப்புத் தந்தை. நற்செய்தி நூல்களில் அவர் ஒரு சொல்லும் பேசியதாகக் குறிப்பில்லை. அப்படிப்பட்ட வாய் பேசாத தொழிலாளியை எடுத்து, மனைவி மக்கள் இல்லாத ஒரு துறவி, தன்னிகரில்லாத் தலைவனாக்கித் தமிழில் ஒரு பெருங்காப்பியம் செய்திருக்கிறார். மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் விழாவாகத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அறிவித்தது 1955இல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே தமிழில் அவருக்கு முடி சூட்டியாயிற்று. இதை நம் தொழிற்சங்கத் தோழர்கள் மே நாள் கூட்டத்தில் சொன்னால் எனக்கு மகிழ்ச்சி.

அந்நூலில் ‘ஐயந்தோற்று படலம்’ என்று ஒரு படலம் உண்டு. அடுத்தது ‘ஐயம் நீங்கு படலம்’. மரியா கருவுற்றிருப்பதைக் கண்டு சூசையப்பர் கலங்கினார், அவரை இகழ்ச்சிக்கு உள்ளாக்காமல் மறைவாக விலகிவிட எண்ணினார் என்ற செய்தி மத்தேயு நற்செய்தியில் ஓரிரு தொடர்களில் முடிந்துவிடுகிறது. முனிவர் அதை ஒரு படலமாக விரித்தார். ஐயம் கொண்ட கணவனின் நெஞ்சு எப்படி முன்னும் பின்னும் அலைகிறது, கண்ணால் கண்டதற்கும் மனம் அறிந்ததற்கும் இடையே எப்படிச் சிதைகிறது என்பதை அவர் ஒளிக்கவில்லை. புனிதர் என்று பீடத்தில் வைத்து வணங்குகிற ஒருவரை மனைவிமேல் ஐயுற்றவராகக் காட்டுவதற்கு முனிவர் அஞ்சவில்லை. நான் இரவுக் காவல் அறையில், வாகனப் பதிவேட்டின்மேல் வைத்து அப்படலத்தைப் படித்தேன். எத்தனை சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை என்று கேட்காதீர்கள். தெரிந்தவை போதுமானவையாக இருந்தன.

இங்கே கவிஞர்களிடம் ஒரு குறையைச் சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டும். நம் கிறித்தவக் கவிதைகளில் இன்று ஐயந்தோற்று படலமே இல்லை. எடுத்தவுடன் ஐயம் நீங்கிவிடுகிறது. முதல் அடியில் இருள், இரண்டாம் அடியில் விளக்கு. ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் எழுப்புதல் கூட்டச் சுவரொட்டிகளும் அவ்வாறே: கடன் தீரும், வேலை கிடைக்கும், குடும்பம் ஒன்றுசேரும். வேலை இழந்த ஆண்டில் அச்சுவரொட்டிகளை நான் வாய்விட்டுப் படித்தவன். ஆதலால் அவற்றை நம்பிப் போகிறவர்களை ஏளனம் செய்ய மாட்டேன். எழுதுகிறவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். சூசையப்பருக்குக் கிடைத்த வழிகாட்டலைப் பாருங்கள். மத்தேயு சொல்வது நான்கு கனவுகள். ஏற்றுக்கொள் என்றது ஒன்று. எழுந்து எகிப்துக்கு ஓடு என்றது ஒன்று. திரும்பு என்றது ஒன்று. ஊரை மாற்றிக்கொள் என்றது ஒன்று. ஒரு கனவிலும் அடுத்த கனவின் செய்தி இல்லை. எகிப்தில் எத்தனை ஆண்டு, என்ன வேலை, என்ன கூலி என்று எதுவும் சொல்லப்படவில்லை. ஓர் அடி எடுத்து வைப்பதற்குரிய வெளிச்சம் மட்டுமே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரியில் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது ஒரு செய்தி சொன்னார். தம் மேசைமேல் உறங்கும் சூசையப்பரின் சிறு சிலை ஒன்று இருப்பதாகவும், தமக்கு ஏதேனும் சிக்கல் வரும்போது அதை ஒரு சீட்டில் எழுதி அச்சிலையின் அடியில் வைத்துவிடுவதாகவும். அதன்பின் அத்தகைய சிலைகள் எங்கும் பரவின. என் துணைவியார் 2015 செப்டம்பரில் பெங்களூர் சிவாசிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனபோது ஒன்றை வாங்கி வந்தார். சாண் அளவுகூட இல்லாத சுண்ணச் சிலை. அதன் அடியில் அவர் சீட்டுகள் வைப்பார். நான் கண்டும் காணாதவன்போல் இருப்பேன்.

2016 ஆகத்து மாதம் ஒரு பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், நான் அந்தச் சிலையைத் தூக்கினேன். செபிப்பதற்காக அன்று. வேவு பார்ப்பதற்காக. நான்கைந்து சீட்டுகள் இருந்தன. ஒன்றில் வாடகை. ஒன்றில் மகளின் பள்ளிக் கட்டணம். ஒன்றில் என் பெயர், அதன்கீழ் ‘பழைய வேலை போலவே ஒன்று’ என்ற சொற்கள். கடைசிச் சீட்டில் அந்தக் கன்னடப் பெயர். அதன்கீழ் ‘மகளுக்கு இதய அறுவை, நல்லபடி முடிய வேண்டும்’ என்று எழுதியிருந்தது. அவர் தொழிற்கூடத்தில் துணி வெட்டும் பகுதியில் பணிபுரிபவர். மருத்துவமனையில் மனைவி ஒருபுறமும் வேலையில் தான் ஒருபுறமுமாக இருந்தபோது, உடன் வேலை செய்த பெண்கள் முறைவைத்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அழைப்புகள் அதற்காக வந்தவை. இதையெல்லாம் பின்னால்தான் அறிந்தேன். அன்று அறிந்தது அந்தச் சீட்டு ஒன்றைத்தான். சீட்டுகளை மீண்டும் வைத்துவிட்டு, அடுப்படியில் நெடுநேரம் நின்றேன்.

ஐயம் நீங்கியது என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு எளிதாக நீங்கவில்லை. சான்று கிடைத்து நீங்குகிற ஐயம், சான்று பழையதானதும் திரும்பி வருகிறது. நான் செய்தது ஒன்றே ஒன்று. அன்று முதல் செபத்தை அவர் வந்த பின்னர் தொடங்கினேன். காரணம் கேட்ட மகளிடம், “நீ சொன்னாயே” என்றேன்.

செப்டம்பர் 12ஆம் நாள் வந்தது. காவிரி நீர் பற்றி உச்ச நீதிமன்றம் அன்று மீண்டும் ஆணையிட்டது. நாளொன்றுக்கு நொடிக்கு 12,000 கன அடி வீதம் திறந்துவிட வேண்டுமென்று. பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் கொளுத்தப்பட்டன. எல்லையைத் தாண்டி ஒரு வண்டியும் ஓடவில்லை. சூசூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நடந்து வந்ததை இந்த அவையில் பலர் கண்டிருப்பீர்கள். நடந்தவர்களும் சிலர் இருக்கக்கூடும். என் துணைவியாரின் கைப்பேசி ஏழு மணிக்குமேல் எடுபடவில்லை. மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுச் சூசூவாடிக்கு ஓடினேன். அடுத்த வீட்டார் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். வாணியம்பாடியிலிருந்து வந்த இசுலாமியக் குடும்பம். மறுநாள் அவர்களுக்குப் பக்ரீத்து. வேலை தலைக்குமேல் கிடந்தும் என் மகளுக்குச் சோறு போட்டுத் தூங்க வைத்தார்கள்.

காவல்துறையினர் நிறுத்திய இடத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். அப்போதுதான் எகிப்துக்குப் போன குடும்பத்தை நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அந்தப் பகுதி தானாக வந்து நின்றது என்பது பொருந்தும். தேம்பாவணியில் அவ்வழிப்பயணம் விரிவாகவே பாடப்பட்டுள்ளது. இரவில் புறப்பாடு, பின்னால் ஏரோதின் ஆட்கள், முன்னால் மொழி தெரியாத நாடு. கைக்குழந்தையோடு வந்த அம்மூவருக்கும் எகிப்தில் யாரோ கதவு திறந்திருக்க வேண்டும். திறந்தவன் அவர்களுடைய கடவுளை வணங்குபவன் அல்லன்.

ஒன்பதே முக்கால் மணியளவில் ஐந்து பெண்கள் வந்தனர். அவர்களுக்கு ஒரு பக்கமாக, சாலைப்பக்கம் நடந்து வந்தவர் ஓர் ஆண். காவலரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லி, ஐவரையும் தாண்டிவிட்டார். என் துணைவியார் என்னைக் காட்ட, அவர் கையை உயர்த்தினார். நான் அருகே போய் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் “தும்ப உபகார ஆயிது” என்றேன். “பரவாயில்லை, சார்” என்று அவர் தமிழில் சொன்னார். வந்த வழியே இருட்டில் திரும்பிப் போனார். மகள் எப்படியிருக்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சீட்டைப் படித்தது தெரிந்துவிடும் என்று அஞ்சிக் கேட்காமல் விட்டேன். அந்த இரவிலும் என் அச்சம் அதுதான்.

நான் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியது அதன் பிறகே. தமிழில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று காவல், மற்றொன்று அடைக்கலம். காவல் என்பது நாம் எழுப்புவது: சுவர், கதவு, பூட்டு, இரவெல்லாம் விழித்திருக்கும் என்னைப் போன்ற ஒருவன். அடைக்கலம் நாம் எழுப்பக்கூடியது அன்று. அது பிறர் தருவது. பிறர் வாயிலில் போய் நின்றால்தான் கிடைப்பது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்று ஒரு காதையே உண்டு. ஊர் விட்டு ஊர் வந்த ஒரு வணிகக் குடும்பத்தைச் சமணத் துறவியான கவுந்தியடிகள் இடைக்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். அந்த அடைக்கலம் கோவலனின் உயிரைக் காக்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே. மாதரி தந்தது பொய்யாகிவிடவும் இல்லை. வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியில் இன்றும் அன்னைக்கு அடைக்கல மாதா என்பதே பெயர்.

நான் என் நம்பிக்கையை அதுவரை காவலாகவே கொண்டிருந்தேன். என் வீட்டைச் சுற்றிக் கடவுள் ஒரு சுவர் எழுப்பித் தரவேண்டும். உள்ளே என் மனைவியும் மகளும் இருக்க வேண்டும். பிற பெயர்கள் உள்ளே வரக்கூடாது. என் துணைவியாருடைய நம்பிக்கையோ அந்தச் சிலையின் அடியில் கிடந்தது: எங்கள் வாடகையோடு வேறொருவர் மகளின் இதயமும் ஒரே இடத்தில். அவர் தேம்பாவணி படித்தவர் அல்லர்.

பங்குத் தந்தையிடம் ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொன்னேன். அவர் அதற்குரிய மன்னிப்பை அளித்துவிட்டு, “கடவுளிடம் சொல்லிவிட்டீர்கள். இனி யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லுங்கள்” என்றார். எளிதான அறிவுரைதான். நிறைவேற்ற எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், குடில் கட்டிக்கொண்டிருந்தபோது, சூசையப்பரின் உருவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். ஐயுற்றதையும், செபத்தை முன்கூட்டியே முடித்ததையும், சீட்டைப் படித்ததையும். அவர் வைக்கோலை அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு, “சீட்டைப் படித்தது எனக்குத் தெரியும். நான் நான்காக மடிப்பேன். நீங்கள் இரண்டாக மடித்து வைத்திருந்தீர்கள்” என்றார்.

மற்ற இரண்டுக்கும் அன்று அவர் விடை சொல்லவில்லை. சில வாரங்கள் அளந்துதான் பேசினார். எனக்கு அது உரியதே.

வீரமாமுனிவர் தம் காப்பியத்துக்குப் பெரிதும் துணைகொண்டது ஆகிரேதா மரியாள் என்ற ஸ்பானியக் கன்னித் துறவி எழுதிய நூல் என்பர் ஆய்வாளர். சூசையப்பர் நோயுற்று உழைக்க இயலாத ஆண்டுகளில், மரியாவே தம் கைத்தொழிலால் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று அந்நூல் கூறுகிறது. தேம்பாவணியிலும் பிணிதோற்று படலம் இருக்கிறது. ஒருவரது உழைப்பில் மற்றவர் உண்பது இழுக்கன்று என்பதை நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இக்காட்சியை எடுத்துப் பாட நம் வட்டத்தில் யாரேனும் முன்வந்தால், அச்சிடும் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன். பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டா.

பழைய வேலை போன்ற ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சீட்டு நிறைவேறாமலே போயிற்று. இன்றும் நான் இரவுக் காவலன்தான். துணைவியார் அதே தொழிற்கூடத்தில் இப்போது மேற்பார்வையாளர். கன்னடக்காரரின் மகள் பிழைத்துக்கொண்டாள். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்து எங்கள் வீட்டுக்கு இனிப்புக் கொண்டு வந்தாள். என் மகள் கல்லூரிக்குப் போய்விட்டதால் மாலைச் செபத்தில் நாங்கள் இருவரே. தொடங்கும் நேரம் எட்டே முக்கால். சிலையின் ஒரு காது உடைந்துவிட்டது. அதன் அடியில் இன்னும் சீட்டுகள் உள்ளன, எல்லாம் நான்காக மடித்தவை. தூசி தட்டும் பொறுப்பை அவரே வைத்துக்கொண்டிருக்கிறார்.